19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரஷ்யப் படைவீரர்கள் பதக்கங்களைப் பொருத்தி அணிந்த முறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெப்போலியனுக்கு எதிராக 1813 முதல் 1815 வரை நடந்த போர்களில் பிரஷ்ய அரசு வழங்கிய பதக்கங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் உலோகத்தையும் வடிவத்தையும் மட்டுமே விவரிக்கின்றனர். அந்தப் பதக்கம் எந்த நாடாவில் தொங்கியது, சட்டையின் எந்த இடத்தில் மாட்டப்பட்டது, ஊக்கால் குத்தப்பட்டதா நூலால் தைக்கப்பட்டதா என்பவை அதே அளவு முக்கியமானவை. அணிந்தவர் யார், களத்தில் நின்றவரா பின்னணியில் பணி செய்தவரா, எத்தகைய மதிப்பைப் பெற்றார் என்பதை அந்தக் காலத்து மனிதர் நாடாவையும் இடத்தையும் பார்த்தே அறிந்துகொண்டார்.

இந்தக் காலத்தில் ஒரு பிரஷ்யச் சிப்பாயின் மார்பில் எந்தெந்தப் பதக்கங்களைக் காண முடியும்?

முதன்மையானது இரும்புச் சிலுவை. மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் 1813 மார்ச் 10 என்று தேதியிட்டு, பிரெஸ்லாவ் நகரிலிருந்து (இன்றைய போலந்தின் விராத்ஸ்வாஃப்) இதை நிறுவினார். 1810-இல் மறைந்த அரசி லூயிசாவின் பிறந்த நாள் அது. அடுத்தது 1813 டிசம்பர் 24 அன்று பிராங்க்பர்ட்டில் அறிவிக்கப்பட்ட வெண்கலப் போர்ப் பதக்கம். இவற்றுக்கு முன்பே, 1793 முதல், சிப்பாய்களுக்கும் கீழ்நிலை அதிகாரிகளுக்கும் உரிய படைத்துறை வீரப் பதக்கம் இருந்தது. 1825-இல் நீண்ட காலச் சேவைக்கான அடையாளங்கள் வந்தன. இவற்றோடு, கூட்டுப்படையில் இருந்த ரஷ்யர்கள் அளித்த புனித ஜார்ஜ் சிலுவையும் பல பிரஷ்ய வீரர்களின் மார்பில் இடம்பெற்றது.

இரும்புச் சிலுவையை எங்கே அணிய வேண்டும் என்று சாசனம் சொன்னது?

இதற்கான விடை சாசனத்திலேயே தெளிவாக உள்ளது. முதல், இரண்டாம் என்ற இரண்டு வகுப்புகளுக்கும் வெள்ளியில் பதித்த கறுப்பு வார்ப்பிரும்புச் சிலுவை ஒன்றே. அதன் முன்பக்கத்தில் எழுத்து எதுவும் இராது. பின்பக்கத்தின் மேற்புறத்தில் கிரீடத்துடன் மன்னரின் முதலெழுத்துகளும், நடுவில் மூன்று ஓக் இலைகளும், கீழே 1813 என்ற ஆண்டும் இருக்கும். அது நாடாவில் கோக்கப்பட்டு பொத்தான் காஜாவில் அணியப்பட வேண்டும்.

காஜாவில் அணிவது என்பதை இன்றைய படங்களை மனத்தில் வைத்துக் கற்பனை செய்யக் கூடாது. சிலுவையின் மேல் முனையில் சிறு காது ஒன்றும், அதில் கோத்த வளையம் ஒன்றும் உண்டு. நாடா அந்த வளையத்தின் வழியே சென்று, மடிக்கப்பட்டு, கருநீலச் சீருடையின் காஜாவில் செருகப்பட்டு உட்புறத்தில் தைக்கப்படும் அல்லது பிடிக்கப்படும். சிலுவை நாடாவின் அடியில் தடையின்றித் தொங்கும். நடக்கும்போது ஆடும், திரும்பவும் செய்யும். நாடாவை மட்டும் காஜாவில் சாய்வாகச் செருகிவிட்டுச் சிலுவையைப் பெட்டியில் வைத்திருக்கும் தோற்றம் முதல் உலகப் போர்க்காலத்துப் புகைப்படங்களால் பிரபலமானது. 1813-ஆம் ஆண்டு வீரரை வரையும் ஓவியர்களும் நாடக உடை தயாரிப்பவர்களும் மிக அதிகமாகச் செய்யும் பிழை, நூறு ஆண்டு பிந்திய அந்தத் தோற்றத்தை இங்கே கொண்டுவருவதுதான்.

தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே சிலுவை, ஒரே நாடா, ஒரே காஜா என்பதே இந்த ஏற்பாட்டின் உயிர் என்று நான் கருதுகிறேன். அதற்கு முன் அதிகாரிகளுக்கு நீல எனாமல் பூசிய சிலுவையான பூர் லெ மெரிட்டும், சாதாரண வீரர்களுக்குப் பொன் அல்லது வெள்ளிப் பதக்கமும் எனப் பிரிவு இருந்தது. 1813 சாசனம் அவ்விரண்டையும் போர் முடியும் வரை பெரும்பாலும் நிறுத்திவைத்தது. ல்யூனெபுர்க் சண்டைக்காக (1813 ஏப்ரல் 2) முதல் இரண்டாம் வகுப்புச் சிலுவையைப் பெற்ற மேஜர் போர்க்கேவும், பின்னர் பெற்ற சாதாரணக் காலாட்படை வீரரும் ஒரே பொருளையே அணிந்தனர்.

முதல் வகுப்புச் சிலுவை நாடா இல்லாமல் சட்டையிலேயே ஒட்டியிருப்பது ஏன்?

முதல் வகுப்பைப் பெற்றவர் இரண்டாம் வகுப்புச் சிலுவையைக் கழற்றிவிடவில்லை. காஜாவில் தொங்கும் அதே சிலுவையோடு, இடது மார்பில் கூடுதலாக இன்னொரு சிலுவையை அணிந்தார். சாசனம் முதலில் குறிப்பிட்டது துணிச் சிலுவையை: வெள்ளைக் கரையிட்ட கறுப்பு நாடாவைச் சிலுவை வடிவில் அமைத்துச் சட்டையில் தைத்துக்கொள்ள வேண்டும். களத்தில் மழையும் புழுதியும் படும் சீருடையில் துணிச் சிலுவை எத்தனை நாள் தெளிவாகத் தெரிந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. 1813 ஜூன் மாதத்தில் அதற்குப் பதிலாக வெள்ளிச் சட்டமிட்ட வார்ப்பிரும்புச் சிலுவை வந்தது.

துணி உலோகமாக மாறியபோதும் தைக்கும் பழக்கம் மாறவில்லை. இந்தச் சிலுவைகளின் பின்புறத்தில் ஊக்கு இராது. ஒவ்வொரு கைக்கும் இரண்டு வீதம் எட்டுச் சிறு வெள்ளி வளையங்கள் பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றின் வழியே நூல் ஓட்டிச் சட்டையில் இறுக்கமாகத் தைப்பார்கள். ஒவ்வொரு சீருடைக்கும் பிரித்துத் தைக்க வேண்டியிருந்ததால், பின்னாளில் சிலர் தம் பொற்கொல்லரிடம் கொடுத்துப் பின்புறத்தில் ஊசி வைத்துக்கொண்டனர். எனவே ஊசி இருப்பதாலேயே ஒரு முதல் வகுப்புச் சிலுவை போலி என்று தள்ளிவிடக் கூடாது. வளையங்கள் இருந்து நீக்கப்பட்ட தடயம் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

கூல்ம் சிலுவை என்பதும் இதுதானா?

தோற்றத்தில் மிக நெருக்கமானது; வேறு விருது. 1813 ஆகஸ்ட் 29, 30 தேதிகளில் கூல்ம் போரில் நின்று பிடித்த ரஷ்யக் காவற்படை வீரர்களுக்குப் பிரஷ்ய மன்னர் அளித்தது அது. ஆண்டும் மன்னர் பெயரும் இல்லாத அந்தச் சிலுவையும் மார்பில் தைத்தே அணியப்பட்டது. இரும்புச் சிலுவையின் முதல் வகுப்பும் முன்பக்கம் வெறுமையானதே என்பதால் ஓவியங்களில் இரண்டையும் பிரித்தறிய, சீருடை ரஷ்யருடையதா பிரஷ்யருடையதா என்று பார்ப்பதே எளிய வழி.

சிலுவையின் எழுத்துள்ள பக்கம் முன்னால் இருக்க வேண்டுமா, பின்னால் இருக்க வேண்டுமா?

விதிப்படி வெறுமையான பக்கமே முன்பக்கம். எளிமையும் கடுமையும் நிறைந்த ஒரு காலத்திற்கு, ஓர் எழுத்தும் இல்லாத கறுப்பு இரும்பே தகுந்த அடையாளம் என்ற எண்ணம் அதில் இருந்தது. மன்னரின் கைவரைவை ஒட்டி இறுதி வடிவம் கொடுத்தவர் கட்டடக் கலைஞர் கார்ல் பிரெடரிக் ஷிங்கெல். ஆனால் அணிந்தவர்களுக்குக் கிரீடமும் இலைகளும் ஆண்டும் உள்ள பக்கத்தைக் காட்டவே ஆசை. சிலுவை வளையத்தில் தளர்வாகத் தொங்கியதால் அதைத் திருப்பிக்கொள்ள எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. இந்தப் பழக்கம் பரவி, 1838-இல் மன்னரே எழுத்துள்ள பக்கத்தை முன்னால் அணிய அனுமதி அளித்தார். ஆகவே 1814-இல் வரையப்பட்ட உருவப்படத்தில் எழுத்துகள் தெரிந்தால் அது ஓவியரின் பிழை என்று முடிவு செய்யத் தேவையில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1814-இலும் 1815-இலும் செய்த வீரச்செயலுக்குக் கிடைத்த சிலுவையிலும் ஆண்டு 1813 என்றே இருக்கும். அதை வைத்துப் போர் நடந்த ஆண்டைக் கணிக்க முடியாது.

கறுப்பு நாடாவில் வெள்ளைக் கரை, வெள்ளை நாடாவில் கறுப்புக் கரை: வேறுபாடு என்ன?

எதிரியோடு நேரடியாகப் பொருதிப் பெற்ற சிலுவைக்கு வெள்ளைக் கரையிட்ட கறுப்பு நாடா. களத்துக்கு வெளியே போர் முயற்சிக்கு ஆற்றிய பணிக்காகப் பெற்றதற்குக் கறுப்புக் கரையிட்ட வெள்ளை நாடா. சிலுவையில் எந்த வேறுபாடும் இல்லை. நாடாவைக் கழற்றிவிட்டால், அது யாருக்கு எதற்காகக் கிடைத்தது என்று சொல்ல உலோகத்தில் ஒரு சான்றும் மிஞ்சாது. பழைய நாடாவைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதியதைப் போடுவோர் அழிப்பது இந்தச் சான்றைத்தான்.

கறுப்பு வெள்ளை நாடா பிரஷ்யாவில் இரும்புச் சிலுவைக்கு மட்டும் உரியதும் அல்ல. பூர் லெ மெரிட் விருதின் நாடாவும் கறுப்பு. அதன் ஓரங்களில் வெள்ளிக் கோடுகள் உண்டு. சிறிய உருவப்படங்களில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கழுத்தில் தொங்கினால் பூர் லெ மெரிட், காஜாவில் தொங்கினால் இரும்புச் சிலுவை என்று இடத்தைக் கொண்டு பிரித்துக்கொள்ளலாம். இதற்கு ஒரே விலக்கு இரும்புச் சிலுவையின் பெருஞ்சிலுவை. அது சாதாரணச் சிலுவையைப் போல இரு மடங்கு அளவுடையது, வெற்றி பெற்ற பெருந்தளபதிகளுக்கு மட்டுமே கிடைத்தது, கழுத்தில் அணியப்பட்டது. புளூஹர், ப்யூலோ, யோர்க் ஆகியோர் அதைப் பெற்றவர்கள்.

வெண்கலப் போர்ப் பதக்கத்தை எப்படி அணிந்தனர்?

இதுவும் நாடாவில் கோத்துக் காஜாவில் அணியப்பட்டதே. பிரெஞ்சுப் படையிடம் கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி வார்த்த வட்டப் பதக்கம் இது. கைப்பற்றிய பீரங்கியிலிருந்து செய்யப்பட்டது என்று அதன் விளிம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு பக்கத்தில் மன்னரின் முதலெழுத்துகளும் பிரஷ்யாவின் துணிவுமிக்க வீரர்களுக்கு என்ற வாசகமும், மறுபக்கத்தில் சிலுவையும் ஆண்டும் உண்டு. 1813, 1814, இரண்டையும் சேர்த்து 1813/1814, தனியாக 1815 என வகைகள் உள்ளன. 1813-இலும் 1814-இலும் போரிட்டவர் இரண்டு ஆண்டுகளும் பொறித்த ஒரே பதக்கத்தை அணிந்தார். அவரே வாட்டர்லூ போர் நடந்த 1815-இலும் பங்கேற்றிருந்தால் இரண்டாவதாக ஒரு பதக்கத்தைச் சேர்த்துக்கொண்டார். ஒரே நாடாவில் இரண்டு பதக்கங்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

நாடா செம்மஞ்சள், ஓரங்களில் கறுப்பும் வெள்ளையுமான கோடுகள். செம்மஞ்சள், 1701-இல் நிறுவப்பட்ட கருங்கழுகு விருதின் நிறம்; அது நாட்டின் மிக உயர்ந்த விருது. சாதாரணச் சிப்பாயின் காஜாவில் அந்த நிறம் வந்து அமர்ந்ததைச் சிறிய செய்தியாக நான் எண்ணவில்லை.

களத்தில் போரிடாத மருத்துவர், அலுவலர் முதலியோருக்கு 1815-இல் தனிப் பதக்கம் ஏற்பட்டது. அது வார்ப்பிரும்பால் ஆன நீள்வட்டப் பதக்கம். கடமை தவறாமையைப் போற்றும் வாசகம் கொண்டது. அதன் நாடா வெள்ளையை அடிநிறமாகக் கொண்டது. இரும்புச் சிலுவையில் நாடா மட்டும் மாறியது. இங்கே உலோகம், வடிவம், நாடா மூன்றும் மாறின.

ஒருவரிடம் பல பதக்கங்கள் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே காஜாவில் மாட்ட முடியுமா?

இரண்டு வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் நாடாக்கள் ஒன்றன்மேல் ஒன்று சுருண்டுகொள்ளும், காஜாவும் கிழியும். எனவே மெல்லிய உலோகப் பட்டை ஒன்றைச் செய்து, ஒவ்வொரு நாடாவையும் அதன்மேல் மடித்துப் போட்டு, பின்புறம் தைத்து, பட்டையை ஊசியாலோ கொக்கியாலோ இடது மார்பில் பொருத்தும் முறை வளர்ந்தது. படைத்துறை இவற்றை ஒரே அச்சில் செய்து வழங்கவில்லை. அணிந்தவர் தம் சொந்தச் செலவில் தையற்காரரிடமோ பொற்கொல்லரிடமோ செய்துகொண்டார். அதனால் பட்டையின் நீளம், உலோகம், நாடாவின் மடிப்பு, பதக்கங்கள் தொங்கும் உயரம் எல்லாமே ஆளுக்கு ஆள் மாறுபடும்.

வரிசையில் மட்டும் ஒழுங்கு உண்டு. மதிப்பில் உயர்ந்தது மார்பின் நடுப்பகுதிக்கு அருகில், அதாவது அணிந்தவரின் வலக்கைப் பக்கமாக வரும். மற்றவை அங்கிருந்து இடப்புறமாகத் தொடரும். இரும்புச் சிலுவைக்குப் பின்னரே போர்ப் பதக்கம். சொந்த நாட்டு விருதுகளுக்குப் பின்னரே ரஷ்யா போன்ற நட்பு நாடுகளின் விருதுகள்.

விறைப்பான துணியை உள்ளே வைத்து, நாடாக்களை அளவெடுத்து மடித்து, எல்லாப் பதக்கங்களும் ஒரே கோட்டில் நிற்கும்படி செய்த அகலமான பட்டைகளைப் பலரும் பிரஷ்ய முறை என்று அறிவார்கள். அவை நூற்றாண்டின் பிற்பகுதியில் முழு உருப்பெற்றவை. முதுமை வரை வாழ்ந்த, நெப்போலியனுக்கு எதிரான போர்களின் வீரர்கள் சிலர் தம் பழைய பதக்கங்களை அந்தப் புதிய முறையில் மாற்றிப் பொருத்திக்கொண்டதும் உண்டு. எனவே 1813 சிலுவை ஒன்று விறைப்பான பட்டையில் இருந்தால் சிலுவை உண்மையானதாகவும், பொருத்திய முறை பல பத்தாண்டுகள் பிந்தியதாகவும் இருக்கலாம்.

கழுத்திலும் தோளிலும் அணியப்பட்டவை எவை?

செங்கழுகு விருது இதைப் புரிந்துகொள்ள நல்ல எடுத்துக்காட்டு. 1810-இல் அது மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டது. முதல் வகுப்புக்குத் தோளிலிருந்து குறுக்கே வரும் அகலப் பட்டையும் மார்பில் நட்சத்திரமும். இரண்டாம் வகுப்பு கழுத்தில். மூன்றாம் வகுப்பு காஜாவில். 1830-இல் சேர்க்கப்பட்ட நான்காம் வகுப்பும் காஜாவுக்கே வந்தது. கருங்கழுகு விருதின் செம்மஞ்சள் பட்டை இடத் தோளிலிருந்து வல இடுப்புக்கு இறங்கும். பூர் லெ மெரிட்டோடு 1813 முதல் பொன் ஓக் இலைகள் கூடுதல் சிறப்பாக வழங்கப்பட்டன. அத்தகையோரின் நாடாவில் நடுவிலும் ஒரு வெள்ளிக் கோடு ஓடும். வாட்டர்லூவுக்குப் பின் புளூஹருக்கென்றே, பொற்கதிர்களின் நடுவே இரும்புச் சிலுவை பதித்த நட்சத்திரம் ஒன்று 1815-இல் செய்யப்பட்டது. அது மார்பில் அணியப்பட்டது.

பெண்கள் இந்தப் பதக்கங்களை அணிந்தார்களா?

அணிந்தார்கள். ஆண் வேடத்தில் படையில் சேர்ந்த பிரெடரிக்க க்ரூகர் தென்னெவிட்ஸ் போரில் (1813 செப்டம்பர் 6) காட்டிய வீரத்துக்காக இரும்புச் சிலுவையின் இரண்டாம் வகுப்பைப் பெற்றார். அவர் பெண் என்பது தெரிந்த பிறகும் படையில் தொடர்ந்தார். மற்ற வீரர்களைப் போலவே அந்தச் சிலுவைக்கு உரியவராக இருந்தார்.

காயமுற்றோரைப் பேணியது முதலிய பணிகளுக்காக 1814 ஆகஸ்ட் 3 அன்று நூறு பெண்களுக்கு மட்டும் என்ற வரம்போடு லூயிசா விருது நிறுவப்பட்டது. கறுப்பு எனாமல் பூசிய அந்தச் சிறு சிலுவை, இரும்புச் சிலுவையின் வெள்ளை நாடாவில், இடது மார்பில், பூமுடிச்சாகக் கட்டி அணியப்பட்டது. பெண்களின் உடையில் காஜா இல்லாததால் முடிச்சு வந்தது. நாடா போரின் மற்ற நாடாக்களோடு ஒன்றாகவே இருந்தது.

1825-இல் வந்த சேவை அடையாளங்கள் ஏன் பதக்கம்போல் இல்லை?

அவற்றில் அதிகாரிகளுக்கு உரியது சிலுவை. 25 ஆண்டு பணிக்காக நீல நாடாவில் தொங்கியது. சிப்பாய்களுக்கும் கீழ்நிலை அதிகாரிகளுக்கும் 9, 15, 21 ஆண்டுகளுக்கு முறையே இரும்பு, வெள்ளி, பொன்முலாம் எனச் செவ்வகச் சட்டங்கள் கிடைத்தன. மன்னரின் முதலெழுத்துகள் பொறித்த அந்தச் சட்டம் நீல நாடாவின் மீதே படிந்து கிடைமட்டமாக மார்பில் அமரும். அதிலிருந்து எதுவும் தொங்காது. பின்னர் 1842-இல் லாண்ட்வேர் எனும் மக்கள் படைக்கு வந்த அடையாளத்தில் எழுத்துகளே நாடாவில் நெய்யப்பட்டு, இரும்புச் சட்டத்துக்குள் வைக்கப்பட்டன.

அணிந்தவர் இறந்த பிறகு பதக்கங்கள் என்ன ஆயின?

போர்ப் பதக்கம் ஊர்த் தேவாலயத்துக்குச் சென்றது. அணிந்தவரின் மறைவுக்குப் பின் அதை அவருடைய வட்டாரத் தேவாலயத்தில் வைத்துப் பாதுகாக்க வேண்டும் என்பது ஏற்பாடு. களத்தில் மாண்டோரின் பெயர்களைத் தேவாலயத்தில் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று 1813 மே 5 அன்றே ஆணை வந்திருந்தது. பிராண்டன்பர்க் பகுதியின் சிற்றூர்த் தேவாலயங்களில் பெயர்ப் பலகைகளும், கண்ணாடிப் பெட்டிக்குள் பதக்கங்களும் இன்றும் காணப்படுகின்றன. நாடாவோடு வைக்கப்பட்டவற்றில் மங்கிய செம்மஞ்சள் பட்டு எஞ்சியிருந்தால், அது பழைய முறையை அறிய நமக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த சான்றுகளுள் ஒன்று; விற்பனைக் கூடங்கள் வழியாகக் கைமாறியவற்றைவிட அதை நான் பெரிதும் நம்புவேன்.

இரும்புச் சிலுவைக்கு வேறு வழி இருந்தது. தகுதி பெற்றும் சிலுவை கிடைக்காதவர்களின் வரிசை ஒன்று படைப்பிரிவுகளில் வைக்கப்பட்டு, அணிந்தவர் இறந்ததும் அது அடுத்தவருக்குச் சென்றது. ஒரே சிலுவை இருவர் மார்பில் இருந்திருக்கலாம் என்பதால், அதன் வளையமும் நாடாவும் மாற்றப்பட்டிருப்பது வியப்பல்ல.

சில பழைய புகைப்படங்களில் பதக்கங்கள் வலது மார்பில் இருப்பது ஏன்?

1839-க்குப் பின் பரவிய டாகுரோடைப் எனும் தொடக்ககாலப் புகைப்படங்கள் பெரும்பாலும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியே பதிவாகும். முதிய வீரர் இடது மார்பில் அணிந்ததே படத்தில் வலப்புறமாகத் தெரிகிறது. சட்டைப் பொத்தான்கள் எந்தப் பக்கம் மூடியுள்ளன, வாள் எந்த இடுப்பில் உள்ளது என்று ஒப்பிட்டால் உடனே உறுதிப்படும். பதக்கங்களின் வரிசையும் தலைகீழாகியிருக்கும் என்பதால், மதிப்பில் எது முந்தியது என்று முடிவு செய்வதற்கு முன் படத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என்னிடம் 1813 சிலுவை ஒன்று உள்ளது. கந்தலான நாடாவை மாற்றிவிட்டு, இரும்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?

இரண்டையும் செய்ய வேண்டாம். இரும்பின் மேலுள்ள கறுப்புப் பூச்சு சிலுவையின் பகுதியே. தேய்த்தால் அது போய்விடும், துரு விரைவில் ஏறும். வெள்ளிச் சட்டம் முன்னும் பின்னுமாக இரு துண்டுகளாகச் செய்யப்பட்டு, இரும்பை நடுவில் வைத்துப் பற்றவைக்கப்பட்டது; திரவங்களில் ஊறவைத்தால் ஈரம் அந்த இணைப்புக்குள் புகுந்து உள்ளிருந்து அரிக்கும்.

நாடா பழையதா என்று ஐயம் இருந்தால் இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் பாருங்கள். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பயன்படும் வெண்மையூட்டிகள் கலந்த இழை நீலமாக ஒளிரும். ஒளிராதது என்பதால் மட்டும் 1813-ஐச் சேர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. ஒளிர்ந்தால் அந்த இழை பெரும்பாலும் பிற்காலத்தது. காந்தம் ஒட்டுகிறதா என்ற சோதனையால் பெரிய பயன் இல்லை. 1870-இலும் 1914-இலும் வந்த சிலுவைகளின் நடுப்பகுதியும் இரும்பே. நாடா இற்றுப்போயிருந்தால் அதை அமிலமற்ற தாளில் சுற்றிச் சிலுவையோடு சேர்த்து ஒரே பெட்டியில் வையுங்கள். காட்சிக்குப் புதிய நாடா தேவையென்றால் தனி வளையம் ஒன்றில் கோத்துக்கொள்ளலாம். பழைய வளையத்தை வெட்ட வேண்டியதில்லை.